அப்துல் வஹாப்: குரலா, மெட்டா?

நடுவர் அவர்களே, வணக்கம். எகிப்தின் பாடகரும் இசையமைப்பாளருமான முகம்மது அப்துல் வஹாப் இன்றும் வாழ்வது குரலாலா, மெட்டாலா? மெட்டால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அந்தக் குரலைப் புகழ்ந்தார். கவிஞர் அகமது ஷவ்கி அதில் மயங்கித்தான் இளைஞர் வஹாபைப் பிள்ளைபோல் அரவணைத்தார் என்றார். 1933-இல் வந்த 'வெள்ளை ரோஜா' படமே அந்தக் குரலை நம்பி எடுத்ததுதான் என்றார். சரி, மறுக்கவில்லை. ஆனால் 1946-க்குப் பிறகு அவர் கதாநாயகனாக நடிக்கவில்லையே! நாளடைவில் பாடுவதும் குறைந்துபோனது. குரல்தான் எல்லாம் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டாமா?

முடியவில்லை ஐயா! 1964 பிப்ரவரியில், கெய்ரோ மேடையில் எகிப்தின் பாடகி உம்மு குல்தூம் அம்மையார், வஹாப் மெட்டமைத்த 'இன்த்த உம்ரீ' பாடுகிறார். அரபு இசையின் இரு சிகரங்கள் அவர்கள் இருவரும். அதுவரை ஒரு பாட்டில்கூடச் சேர்ந்ததில்லை. அம்மையார் கைக்குட்டையோடு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். இன்னும் வாய் திறக்கவில்லை. நிமிடக்கணக்கில் வாத்தியங்கள் மட்டும் பேசுகின்றன. வயலின்களுக்கும் கானூன் என்ற அரபு நரம்பிசைக் கருவிக்கும் நடுவே மின்சார கிதார்! அம்மையார் கச்சேரிக்கு அது புதுசு. அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. அந்தப் பதிவை ஒருமுறை கேளுங்கள். பாட்டு தொடங்கும் முன்பே கிடைத்த அந்தக் கைத்தட்டல் யாருக்கு? மேடையிலேயே இல்லாத மெட்டுக்காரருக்கு!

அப்புறம் லிபியா. மன்னராட்சிக் காலத்தில் அந்த நாட்டின் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்தவர் இவர்தான். 1969-இல் கடாபி ஆட்சியைப் பிடித்தபின் அந்தக் கீதம் போனது. வஹாப் 1991-இல் காலமானார். 2011-இல் கடாபி வீழ்ந்தார். அதே மெட்டு திரும்ப வந்தது. போனவர் போய் இருபது ஆண்டு கழித்து ஒரு தேசமே எழுந்து நின்று பாடுகிறது. அதில் அவர் குரல் எங்கே இருக்கிறது?

"கடைசிக் காலத்தில் 'மின் கைர் லேஹ்' பாடி ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தாரே" என்பது எதிரணியின் பெரிய ஆயுதம். 1989-இல் வந்த பாட்டு, எனக்கும் உயிர். ஆனால் அதை அவர் பாடகர் அப்துல் ஹலீம் ஹாஃபிஸுக்காக அமைத்தார். 1977-இல் ஹலீம் இறந்துபோனார். பாட வேண்டியவர் போய்ச் சேர்ந்த பிறகும் பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்த மெட்டு வஹாபை விடவில்லை. வேறு வழியில்லாமல் முதிய வயதில் தானே ஒலிவாங்கி முன் நின்றார். நடுவர் அவர்களே, அன்று அவரைப் பாட வைத்தது எது? எதிரணி பதில் சொல்லட்டும்.