விமர்சகர்கள் கொண்டாடியது சரிதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

ரஷ்யக் கலை அமைப்பாளர் தியாகிலெவின் ‘பாலே ரூஸ்’ என்ற பாலே நடனக் குழு அவர் 1929-ல் இறந்ததோடு கலைந்தது. அதன் பெயரைச் சுமந்து பின்னால் எழுந்த குழுக்கள் 1962 வரை தாக்குப்பிடித்தன. அவற்றின் கதையைச் சொல்லும் ஆவணப்படம்தான் ‘பாலே ரூஸ்’. டேனா கோல்ட்ஃபைனும் டான் கெல்லரும் எடுத்தது. 2005 ஜனவரியில் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். அமெரிக்க விமர்சகர்கள் பெரும்பாலும் மனம்விட்டுப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு பழைய நினைவுகளின் மயக்கம் என்கிறது எதிரணி. நான் மறுக்கிறேன்.

“படம் நடனத்தை அலசவில்லை, முதியவர்களைப் பேச விட்டுவிட்டது” என்றார் எதிரணித் தலைவர். ஐயா, வேறு யாரைப் பேச விடுவது? பாலே ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போகிற கலை. அந்தக் குழுக்கள் ஆடியதில் படச்சுருளில் மிஞ்சியது துண்டு துண்டாகத்தான். மீதியெல்லாம் ஆடியவர்களின் நினைவில் இருந்தது. 2000-ல் நியூ ஆர்லியன்ஸில் அவர்கள் ஒன்றுகூடியபோது படத்தை எடுத்த இருவரும் கேமராவோடு போய் நின்றார்கள். அவர்களில் மியா ஸ்லாவென்ஸ்கா 2002-ல் இறந்துபோனார். அலிசியா மார்கோவா 2004 டிசம்பரில். படம் திரையேற ஒரு மாதம்தான் இருந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் யாரிடம் கேட்டிருப்போம்?

எண்பதைத் தாண்டிய ஜார்ஜ் ஸோரிச்சும் நத்தாலி கிராஸோவ்ஸ்காவும் ‘ஜிஸெல்’ பாலேயில் ஒரு பகுதியைச் சேர்ந்து செய்துகாட்டும் காட்சியைப் பாருங்கள். கால்கள் பழையபடி எழும்பாது. ஆனால் கை எங்கே போகவேண்டும், தலை எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று இருவருக்கும் தெரிகிறது. இது அலசல் இல்லையா?

அப்புறம், படத்தில் எல்லாமே தேனாக இருக்கிறது என்றார்கள். ரேவன் வில்கின்சனை மறந்துவிட்டார்களா? 1955-ல் அந்தக் குழுக்களில் ஒன்றில் சேர்ந்த கறுப்பின நடனக்காரி. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் சுற்றுப்பயணம் போனபோது, அட்லாண்டாவில் ஒரு ஹோட்டலில் நிறத்தைப் பற்றிக் கேட்டார்கள்; பொய் சொல்ல மறுத்தார்; தங்க விடவில்லை. கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் மிரட்டலையும் சந்தித்தார். கடைசியில் அமெரிக்காவை விட்டு நெதர்லாந்துக்குப் போய்த்தான் ஆட முடிந்தது. இப்படி ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசச் சொன்ன படத்தையா இனிப்பு என்கிறீர்கள்?

சண்டையையும் படம் மறைக்கவில்லை. நடன அமைப்பாளர் மஸீன், குழுத் தலைவர் கர்னல் டி பாஸிலைவிட்டுப் பிரிந்தார். 1938-ல் லண்டனில் ஒருவர் குழு கோவன்ட் கார்டன் அரங்கிலும் இன்னொருவர் குழு பக்கத்திலேயே ட்ரூரி லேன் அரங்கிலும் போட்டிபோட்டு ஆடின.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பழைய நடனத் துண்டுகள் சட்டென்று முடிந்துவிடுகின்றன. இன்னும் கொஞ்சம் ஓடவிட்டிருக்கலாம். ஆனால் அந்தக் குறையை மட்டும் பிடித்துக்கொண்டு, பாராட்டிய விமர்சகர்கள் அத்தனை பேரும் ஏமாந்தார்கள் என்பது பெரிய அநியாயம். அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்கள். தீர்ப்பு எங்கள் பக்கம் வரவேண்டும், நடுவர் அவர்களே. நன்றி.