பெயரை மாற்றிக்கொண்ட நாடு

அனைவருக்கும் வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியம் எப்படி விரிவடைகிறது, வெளியே நிற்கும் அண்டை நாடுகளை எப்படி நடத்துகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ரயில் நிலையத்திலிருந்து தொடங்குகிறேன்.

இத்தாலிக்கும் ஸ்லோவேனியாவுக்கும் நடுவே கோரிட்சியா என்று ஒரு பழைய நகரம். 1947இல் எல்லை வகுத்தபோது ஊர் இத்தாலிக்குப் போனது, வடக்கு ரயில் நிலையம், அப்போது ஸ்லோவேனியா அடங்கியிருந்த யுகோஸ்லாவியாவிடம் மாட்டிக்கொண்டது. ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த சதுக்கத்தின் குறுக்கே கோடு விழுந்தது, அதன்மேல் வேலியும் வந்தது. 2004 மே 1ஆம் தேதி ஸ்லோவேனியா ஒன்றியத்தில் சேர்ந்தது. அந்த ஆண்டே சதுக்கத்து வேலியைப் பிடுங்கிவிட்டு, தரையில் வட்டமாக ஒரு பூவேலைக் கல்தளம் பதித்தார்கள். இன்று அங்கே போகிறவர்கள் ஒரு காலை இத்தாலியிலும் மறு காலை ஸ்லோவேனியாவிலும் வைத்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அன்று ஒரே நாளில் பத்து நாடுகள் உள்ளே வந்தன. படை எதுவும் போகவில்லை. நிலையான ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, சந்தைப் பொருளாதாரம், இவையெல்லாம் இருந்தால் கதவு திறக்கும் என்று 1993இல் கோபன்ஹேகனில் ஒன்றியத்தின் தலைவர்கள் சொன்னார்கள். நீதிமன்றம் முதல் மீன்பிடி வரை அந்த நாடுகளே தங்கள் சட்டங்களைத் திருத்திக்கொண்டன. அண்டை நாட்டை மாற்ற ஒன்றியத்திடம் இதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது. ஆனால் அந்த ஆயுதம் ஒரு வாக்குறுதி. சொன்ன சொல்லைக் காப்பாற்றும்வரைதான் அதற்குப் பலம்.

2007இல் பல்கேரியாவும் ருமேனியாவும், 2013இல் குரோஷியா. அதற்குப் பிறகு யாரும் உள்ளே வரவில்லை. ஒவ்வொரு படிக்கும் எல்லா உறுப்பு நாடுகளும் தலையசைக்க வேண்டும். இப்போது 27 நாடுகள். அதில் ஒன்று மறுத்தாலும் போதும்.

சரி, இந்த விதி ஒரு சின்ன நாட்டை என்ன செய்தது என்று பாருங்கள். மாசிடோனியா, மக்கள்தொகை சுமார் 18 லட்சம். 1991இல் யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது. ஏற்கெனவே ஒன்றியத்தில் இருக்கும் கிரேக்கத்தின் வடக்குப் பகுதிக்கும் மாசிடோனியா என்றுதான் பெயர். 'எங்கள் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் நாளைக்கு எங்கள் நிலத்தையும் கேட்பார்கள்' என்று கிரேக்கர்கள் பயந்தார்கள். 2005இல் வேட்பாளர் நாடு, அதாவது சேரக் காத்திருக்கும் நாடு என்ற தகுதி கிடைத்தும் பெயர்ச் சண்டையால் வருடக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றது.

2018இல் அந்த நாடு இறங்கி வந்தது. தலைநகர் ஸ்கோப்யேயின் விமான நிலையத்துக்கு, கிரேக்கர்கள் தங்களவர் என்று கொண்டாடும் மாவீரன் அலெக்சாண்டரின் பெயரை வைத்திருந்தார்கள். கட்டடத்தின் மேல் இருந்த அந்தப் பெரிய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கினார்கள். ஜூன் 17 அன்று பிரெஸ்பா ஏரிக்கரையில் கிரேக்கத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2019 பிப்ரவரியில் நாடு வடக்கு மாசிடோனியா ஆனது. பாஸ்போர்ட், அரசு அலுவலகப் பலகை, வண்டிகளின் நம்பர் பிளேட் என்று எல்லாவற்றையும் மாற்றும் வேலை தொடங்கியது. கதவு திறக்கும் என்று சொன்னதால் ஒரு நாடு தன் பெயரையே மாற்றிக்கொண்டது, நண்பர்களே. இதைவிட என்ன கேட்க முடியும்?

அதே ஆண்டு அக்டோபரில் பிரான்ஸ் தடுத்தது. சேர்க்கும் முறையையே முதலில் சீர்திருத்த வேண்டும் என்றது. 2020 நவம்பரில் பல்கேரியா தடுத்தது. உங்கள் மொழி தனி மொழியல்ல, எங்கள் பல்கேரிய மொழியின் ஒரு வடிவம்தான் என்றது. மொழியைத் தொட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022 ஜூலையில் பேச்சுவார்த்தை ஒருவழியாகத் தொடங்கியது, ஆனால் அங்கே வாழும் பல்கேரியர்களை அரசியல் சாசனத்தில் சேர்த்த பிறகுதான் அடுத்த படி என்று நிபந்தனை. அதற்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அது கிடைக்கவில்லை. கூடவே பேச்சுவார்த்தை தொடங்கிய பக்கத்து நாடு அல்பேனியா 2024 அக்டோபரில் தனியாக முன்னே போய்விட்டது.

உக்ரைன் நிலைமை வேறு. 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தது, ஜூனிலேயே உக்ரைன் வேட்பாளர் நாடாகிவிட்டது. அது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் போர் வந்தால் நான்கு மாதம், அமைதியாக விட்டுக்கொடுத்தால் இருபது வருடம் என்ற கணக்கு, வடக்கு மாசிடோனியா இருக்கும் பால்கன் பகுதியில் வாழ்பவர்கள் கண்ணில் படாமல் போகுமா? இறுதியில் உள்ளே எடுக்கும்போது எல்லோரும் சம்மதிக்கட்டும். நடுவில் இருக்கும் ஒவ்வொரு படிக்கும் பெரும்பான்மை போதும் என்று ஆக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தகராறைத் தீர்க்க வேறு இடம் இருக்கிறது, சேர்க்கை வாசல் அதற்கான இடமல்ல.

2024 மே மாதம் ஸ்கோப்யேயில் புதிய அதிபர் பதவியேற்றார். நாட்டின் முதல் பெண் அதிபர். உறுதிமொழி எடுக்கும்போது 'வடக்கு' என்ற சொல்லை விட்டுவிட்டு மாசிடோனியா என்று மட்டும் சொன்னார். விழாவுக்கு வந்திருந்த கிரேக்கத் தூதர் எழுந்து வெளியே போய்விட்டார்.