தொட்டுப் பார்க்கிற கை

வணக்கம் நேயர்களே. எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஊர்க்காரர்களுக்கு, பெரும்பாலும் மகளிர் குழுப் பெண்களுக்கு, பயிற்சி கொடுக்கிற செவிலியர் நான். முதல் நாள் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "சிஸ்டர், கிளவுஸ் எத்தனை ஜோடி தருவீங்க?"

கிளவுஸ் வேண்டும்தான். ரத்தம், சீழ் வடிகிற புண், ரத்தம் கலந்த கழிவு, இவற்றைத் தொடும்போது கட்டாயம் வேண்டும். ஆனால் சோறு ஊட்ட, முதுகு துடைக்க, கைத்தாங்கலாக நடத்திப்போக எதற்கு? தொட்டால் இந்தக் கிருமி பரவாது. ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே கழிப்பறை, கொசுக்கடி, எதிலும் பரவாது. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், நோயாளி வீட்டுக்குள் போனதும் கை தானாகப் பின்வாங்கும். அதனால் பாடத்துக்கு முன்பே ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, ஒருவருக்கு ஒருவர் தலை வாரிவிடச் சொல்கிறேன்.

எங்களிடம் பயிற்சி எடுத்த ஓர் அக்கா போன வீட்டில், மருமகளுக்கு மாமியார் தட்டைத் தரையில் தள்ளிவிடுவார். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு எண்ணெய் வைத்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே சிக்கு எடுத்துவிடுவார். மாமியார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள், "இப்படி இழுத்தா வலிக்காதா, உனக்குச் சிக்கு எடுக்கவே தெரியல, சீப்பைக் கொடு இப்படி" என்று வாங்கிக்கொண்டு அவரே பின்னால் உட்கார்ந்துவிட்டார். நான் எந்த ஊருக்குப் போனாலும் இதைச் சொல்லாமல் வருவதில்லை. தொடுகிறவரைப் பார்த்துத்தான் வீடு பழகும்.

1986-இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதலில் இந்தத் தொற்று தெரியவந்தது. அப்புறம் பல வருஷங்கள் வீட்டுப் பராமரிப்பு என்றால் வலி குறைத்து வழியனுப்புவதுதான். 2004 ஏப்ரலில் இந்தக் கிருமியை அடக்கிவைக்கிற ஏ.ஆர்.டி. மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது, தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி முதல் மையங்களில் ஒன்று. அதோடு எங்கள் பயிற்சியே மாறிப்போனது. இப்போது பார்த்துக்கொள்கிறவரின் முக்கிய வேலை, மாத்திரை ஒருநாளும் விடாமல் போகிறதா என்று பார்ப்பது. உடம்பு தேறியதும் "இனி எதுக்கு" என்று நிறுத்துகிறார்கள் பாருங்கள், அங்கேதான் ஆபத்து. கிருமி மறுபடி பெருகும், அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

வாயில் வெள்ளை படிந்து விழுங்க முடியாதவருக்குக் காரம் வேண்டாம், ஆறின கஞ்சி, தயிர், உப்புநீரில் கொப்பளிப்பு, அப்படியே மையத்துக்கும் அழைத்துப் போங்கள். வயிற்றுப்போக்கா, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையா, சுத்தமான 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். படுத்தே இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவையுங்கள். இருமல், காய்ச்சல், எடை குறைவு, எது வந்தாலும் தள்ளிப்போடாமல் டிபி பரிசோதனை. இவர்களில் அதிகம் பேரைக் கொண்டுபோவது டிபிதான்.

நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறார்கள். ரகசியம் பற்றி நிறைய பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். யாருக்குத் தொற்று என்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது, 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பேர் எழுதின பையோடு, அட்டையோடு அந்த வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். சந்தேகம் இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் கிடையாது. வணக்கம்.