காரில் பூட்டி வைத்த துப்பாக்கி

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷமாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்து வருகிறேன். பிள்ளைகள் அங்கே அடிக்கடி என்னை மடக்குகிற சொல் ஒன்று உண்டு, மனச்சான்று. "என் மனச்சான்று சரி என்கிறது, அப்புறம் ஆயர் (பிஷப்) எதற்கு?" என்பார்கள். இந்தக் கேள்வியை முழு வேகத்தோடு நான் எதிர்கொண்டது அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில், ஒரு கத்தோலிக்கக் கோயில் வாசலில்.

மகள் டாலஸில் இருக்கிறாள். 2016இல் போயிருந்தேன். உரிமம் வைத்திருப்பவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி இடுப்பில் மாட்டிக்கொண்டு நடமாடலாம் என்ற சட்டம் அந்த வருஷம் ஜனவரி 1 முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அப்போது டாலஸ் ஆயராக இருந்த கெவின் ஃபாரல், கோயில்களில் துப்பாக்கி கூடாது என்று அறிவித்தார். நம் ஊரில் 'காலணிகளை இங்கே விடவும்' என்று எழுதியிருக்குமே, அந்த இடத்தில் 30.06, 30.07 என்று சட்டப் பிரிவு எண் போட்ட இரண்டு போர்டுகள். ஒன்று மறைத்து வைத்திருக்கும் துப்பாக்கிக்கு, மற்றது வெளியே தெரிவதற்கு. எழுத்து ஒரு அங்குல உயரமாவது இருக்க வேண்டும் என்பது வரை சட்டம் சொல்லியிருக்கிறது.

மகளின் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர், தினமும் பூசைக்கு வருவார். துப்பாக்கியைக் காருக்குள் சின்ன இரும்புப் பெட்டியில் பூட்டி, மூடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்குள் வருவார். ஆயர் சொல்வதற்குக் கீழ்ப்படிகிறேன், ஆனால் பேரப்பிள்ளைகளைக் காப்பது என் கடமை என்று என் மனச்சான்று சொல்கிறது என்றார்.

சும்மா சொல்லவில்லை. திருச்சபைப் போதனைகளின் தொகுப்பான கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2265ஆம் பத்தி அவருக்கு மனப்பாடம். பிறர் உயிருக்குப் பொறுப்பானவர்களுக்குத் தற்காப்பு உரிமையாக மட்டுமல்ல, கனமான கடமையாகவும் ஆகலாம் என்கிறது அது. சரி, 2316 வாசித்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். ஆயுத உற்பத்தியையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்த அரசுக்கு உரிமையும் கடமையும் உண்டு என்று அங்கே இருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷமும் வகுப்பில் 2316ஐ நான் அழுத்தி அழுத்திச் சொல்லியிருக்கிறேன், 2265ஐத் தாண்டிப் போயிருக்கிறேன். அவர் விட்ட பத்தி ஒன்று, நான் விட்டது இன்னொன்று.

இந்த வானொலி நிலையத்தில் செய்திக்கு முன் வரும் ஒலியைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்கிறீர்கள் அல்லவா? மனச்சான்றும் அப்படித்தான். என் கையில் கட்டியிருப்பதைப் பார்த்துத்தான் நான் பஸ்ஸுக்குக் கிளம்ப முடியும். ஆனால் அதைத் திருப்பிச் சரிசெய்யாமலே விட்டால், தப்பான நேரத்தைச் சரி என்று சாதிப்பேன். மனச்சான்றைப் பின்பற்று என்று சொல்கிற திருச்சபை, அதைப் பயிற்றுவி என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

அந்த நண்பர் ஒரு கதையும் சொன்னார். புனித கபிரியேல் பொசென்தி, இத்தாலியில் குருமாணவர். 1860இல் இசோலா என்ற ஊருக்குள் படைவீரர்கள் புகுந்து கொள்ளையடிக்க, இவர் ஒருவனுடைய துப்பாக்கியைப் பறித்து, வழியில் ஓடிய பல்லியைக் குறிபார்த்துச் சுட்டாராம். குறி தப்பாததைப் பார்த்துப் படை பயந்து ஓடியதாம். கைத்துப்பாக்கி வைத்திருப்போருக்கு இவரைப் பாதுகாவலராக அறிவிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு சங்கமே வத்திக்கானைக் கேட்டது. இந்தக் கதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. காசநோயோடு 1862இல், 24 வயது நிரம்பும் முன்பே இறந்தவர் அவர். ஆனாலும் கதையை நான் ஒதுக்கவில்லை. அதில்கூட ஒரு மனிதன் மேலும் குண்டு படவில்லை, பாருங்கள். திருச்சபையின் பெரிய இறையியல் அறிஞர் புனித தாமஸ் அக்குவினாஸ் சொன்னதும் அதுதான். உயிரைக் காப்பது நோக்கமாக இருக்கட்டும், தேவைக்கு மேல் பலம் வேண்டாம். ராத்திரி கதவை உடைக்கிற திருடனைக் கம்பால் அடிக்கலாம். அவன் ஓடும்போது முதுகில் விழுகிற அடி தற்காப்பு ஆகாது.

அமெரிக்க ஆயர்கள் 1975லிருந்தே கைத்துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு வருகிறார்கள். ஆனால் 2008இல் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதர் உரிமை என்று ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் கத்தோலிக்கர்கள். இதை விரிவாகச் சொல்லத்தான் குறிப்பு எழுதி வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் காட்டுகிறார்கள், மூன்று நிமிஷம்கூட இல்லை போலிருக்கிறது.

2025 ஆகஸ்ட் 27. மின்னியாபோலிஸ் நகரில் அனன்சியேஷன் ஆலயம், பள்ளி திறந்த முதல் வாரத்துத் திருப்பலி. வெளியே நின்றவன் ஜன்னல் வழியாகச் சுட்டதில் 8 வயதும் 10 வயதுமான இரண்டு குழந்தைகள் பெஞ்சிலேயே இறந்தார்கள். அன்று டாலஸிலிருந்து அந்தப் பக்கத்து வீட்டு நண்பர் போன் செய்தார். போர்டு வைத்து என்ன ஆகும், குண்டு ஜன்னல் வழியாக அல்லவா வந்தது என்றார். இரண்டு நாள் கழித்து நான் கூப்பிட்டேன். அந்தத் துப்பாக்கிகளை அவன் சட்டப்படிதான் வாங்கியிருந்தான் என்று காவல்துறை சொல்வதைச் சொன்னேன். ரொம்ப நேரம் லைனில் சத்தமே இல்லை. அப்புறம் அவர்தான் ஜெபமாலையைத் தொடங்கினார், அவருடைய மொழியில். நான் தமிழில் பதில் சொன்னேன்.

நன்றி, வணக்கம்.