ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும்

(பெற்றோர், ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி எனக்கென்று எதையும் மிச்சம் வைக்காத குழந்தைகள் மனநல மருத்துவர் அம்மா அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் கல்வி அதிகாரி அவர்களே, அழைப்பிதழில் என் பெயரைச் சற்றுப் பெரிதாகவே அச்சிட்டுவிட்ட செயலாளர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிலைக்காமலோ, துறுதுறுப்பும் அவசரமும் அடங்காமலோ பிள்ளைகள் தடுமாறுகிற நிலை. அதைப் பற்றி மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். கண்டறிவது, மருந்து, வீட்டில் செய்யவேண்டியது.

துறுதுறுவென்று இருக்கிற பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயரை ஒட்டிவிட முடியாது. மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 கையேட்டில் கவனமின்மைக்கு 9 அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் சேர்த்து 9. பிள்ளைகளுக்கு ஏதாவதொரு பட்டியலில் 6 அறிகுறியாவது, 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்குள் தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். ஒரு சாரின் வகுப்பில் மட்டும் நெளிகிறான் என்றால் முதலில் அந்த வகுப்பைப் பாருங்கள்! சத்தமே போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைகளை யாரும் கவனிப்பதில்லை. அது தனிக் கதை.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர். "ஆபீஸ் ரூமுக்குப் போ, சாக்பீஸ் வாங்கு, வருகைப் பதிவேட்டை எடு, வரும்போது அடுத்த வகுப்பில் வரைபடம் கேள்" என்று ஒரு பையனை அனுப்பினார். கால் மணி நேரமாக ஆளைக் காணோம். தேடிப் போனால், குழாயடியில் குந்தியிருக்கிறான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் பிளம்பர். "சாக்பீஸ் எங்கடா?" என்றார். விரல் நுனியில் ஒரு கறுப்பு வளையத்தைத் தூக்கிக் காட்டி, "வாஷர்தான் சார் தேய்ஞ்சிருக்கு!" என்றானாம். பிளம்பர் வேறு, "பையன் சொல்றது சரிதான் சார்" என்று சாட்சி சொல்லியிருக்கிறார். (சிரிப்பு)

அந்த ஆசிரியர் அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஒரு சமயத்தில் ஒரே வேலை. முகத்தைப் பார்த்துச் சொல்வார், அவனைத் திருப்பிச் சொல்லவைப்பார். கணக்குகளை ஐந்தைந்தாக வெட்டிக் கொடுப்பார். ஐந்து முடிந்தால் எழுந்துபோய் நோட்டுகளைக் கொடுத்துவிட்டு வரலாம். பாராட்டு அப்போதே, அந்த இடத்திலேயே. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்!

சரி, மருந்து. இதற்குக் கொடுக்கிற மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து 1950-களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. மூளையில் செய்தி கடத்துகிற டோபமின், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்கள் வேலை செய்வதற்குக் கைகொடுக்கிறது. பசி மந்தமாகலாம், தூக்கம் தள்ளிப்போகலாம்; அதனால் எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் மருத்துவர் பார்த்துக்கொண்டே வருவார். ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் மாத்திரை இல்லை, பெற்றோருக்குத்தான் பயிற்சி. (மருத்துவர் அம்மா தலையாட்டுகிறார்கள், நான் தப்பித்தேன்.) ஒரு பிள்ளைக்குக் கேட்ட மருந்து இன்னொரு பிள்ளைக்குக் கேட்காமல் போகலாம். இங்கேயும் அதே மாடுதான், அதே பாட்டுதான்.

மூன்றாவது, வீடு. அதற்கு முன்னால், எந்த மேடையிலும் நான் விடாமல் சொல்கிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுப் பீரியட்! வீட்டுப்பாடம் முடிக்கவில்லையா, விளையாட்டு கட். வகுப்பில் பேசினாயா, இடைவேளையில் உள்ளேயே உட்கார். எந்தப் பிள்ளை ஓடியே ஆகவேண்டுமோ, அவனைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, அடுத்த பீரியடில் ஆடுகிறான் என்று டைரியில் எழுதுகிறோம். தண்டனைக்காகவோ பாடத்துக்காகவோ இடைவேளையைப் பிடுங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2013-இலேயே சொல்லிவிட்டது. ஓடினால் குணமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஓடி வந்தவன் அடுத்த பாடத்துக்குக் கொஞ்சம் உட்காருவான், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம் இல்லையா?

நேரம் முடிந்தது என்று செயலாளர் துண்டுச்சீட்டு நீட்டுகிறார். வீட்டைப் பற்றி மருத்துவர் அம்மாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். விளையாட்டு நேரத்தைத் தண்டனையாகப் பறிக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் எழுதி வெளியே மேசைமேல் வைத்திருக்கிறோம். பேனாவும் கட்டியிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.