சிலிண்டரை விடுங்கள், டியூபைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கடையில் இல்லை. பாளையங்கோட்டையில் எங்கள் அக்கா வீட்டு அடுக்களையில் நிற்கிறேன். தீ மஞ்சளாக எரிகிறது, பாத்திரத்துக்கு அடியில் கரி பிடிக்கிறது, வந்து பாருடா என்று கூப்பிட்டாள். பர்னரைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் வந்தேன். மேடைக்குக் கீழே குனிந்து பார்த்ததும், சரி, இதை வீடியோவாகவே போட்டுவிடலாம் என்று தோன்றிவிட்டது.

கேமராவைக் கீழே இறக்குகிறேன். கிரானைட் மேடை, அதற்கடியில் கதவு போட்ட அலமாரி, உள்ளே சிலிண்டர். மேடையில் ஓட்டை போட்டு, அதன் வழியாக டியூபை மேலே கொண்டுவந்து அடுப்பில் மாட்டியிருக்கிறார்கள். இப்போது கட்டுகிற வீடுகளில் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கிறது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஓட்டையின் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தால் கத்தி மாதிரி இருக்கிறது. கல் அறுத்தவர் அறுத்ததோடு போய்விட்டார், யாரும் தேய்த்துவிடவில்லை. துடைப்பதற்கு அக்கா அடுப்பை முன்னால் இழுக்கும்போதெல்லாம் டியூப் இந்த விளிம்பில் உரசியிருக்கிறது. இன்னும் பக்கத்தில் காட்டுகிறேன். ஆரஞ்சுத் தோல் உரிந்து, உள்ளே கம்பி பளபளக்கிறது பாருங்கள். மேலேயிருந்து பார்த்தாலும் தெரியாது, கீழேயிருந்து பார்த்தாலும் தெரியாது. ஓட்டைக்குள் இருக்கிற அந்த இரண்டு விரல்கடை நீளத்தில்தான் விஷயமே இருக்கிறது.

இதைத்தான் சுரக்ஷா டியூப் என்கிறோம். ரப்பருக்கு நடுவில் கம்பி பின்னியிருப்பார்கள். எலி கடித்தாலும் சட்டென்று ஓட்டை விழாமல் இருப்பதற்காக அந்தக் கம்பி. ஐஎஸ்ஐ முத்திரையும் தயாரித்த வருடமும் டியூப் மேலேயே அச்சடித்திருக்கும். எண்ணெய் நிறுவனங்கள் இதற்குச் சொல்கிற ஆயுள் 5 வருடம். நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது. சுவரிலோ பலகையிலோ ஓட்டை போட்டு அதன் வழியாகக் கொண்டுபோகவும் கூடாது. அப்படிக் கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் செம்புக் குழாய் போடவேண்டும், அதையும் ஏஜென்சி மெக்கானிக்தான் போடவேண்டும். நம் ஆட்கள் டியூபுக்கு மேலே துணி சுற்றுவது, பிளாஸ்டிக் உறை மாட்டுவது என்று என்னவெல்லாமோ செய்கிறார்கள். உறை போட்டால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் அதனால் கிடைக்கிற பலன்.

இன்னொன்று. டியூபை மாட்டும்போது உள்ளே நுழையவில்லை என்று லைட்டரால் சூடு காட்டி இளக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். இரண்டு பக்கமும் நாசில், அதாவது டியூப் மாட்டுகிற முனை, முழுசாக மறைகிற அளவுக்கு டியூப் உள்ளே போகவேண்டும். பாதியில் நின்றால் அது மாட்டினதாகவே கணக்கில்லை.

'சிலிண்டர் வெடித்தது' என்று செய்தியில் சொல்வார்கள். நான் போய்ப் பார்த்த வீடுகளில் சிலிண்டர் பெரும்பாலும் முழுசாக அப்படியே நின்றுகொண்டிருக்கும். தீப்பிடித்தது வெளியே கசிந்து நின்ற கேஸ். வால்விலிருந்து அடுப்பு வரைக்கும் இருக்கிற அந்த ஒன்றரை மீட்டரை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சிலிண்டரைப் பார்த்துப் பயப்படுகிறோம், டியூபை மறந்துவிடுகிறோம்.

கதவு போட்ட அலமாரி ஏன் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கிட்டத்தட்ட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தரையில் படியும். உள்ளே திரவமாக இருக்கிற ஒரு லிட்டர் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் கேஸ் ஆகிவிடும். காற்றில் 2 சதவீத அளவுக்குக் கலந்தாலே பற்றிக்கொள்ளும். மூடின அலமாரிக்குள் அந்த 2 சதவீதம் வர அதிக நேரம் ஆகாது. கேஸுக்கு என்று சொந்தமாக வாசனை கிடையாது. நமக்கு வருகிற அந்த நாற்றம் எத்தில் மெர்காப்டான் என்று ஒன்றைத் தெரியப்படுத்துவதற்காகவே சேர்ப்பதால் வருவது. கதவைச் சாத்திவைத்தால் அந்த நாற்றமும் உள்ளேயே கிடக்கும். அலமாரியைக் கழற்ற மனசில்லையென்றால், கதவின் அடியில் தரையை ஒட்டி ஒரு திறப்பும் மேலே ஒரு திறப்பும் வெட்டுங்கள். அத்தானிடம் சொல்லியிருக்கிறேன், ஆசாரி நாளைக்கு வருகிறார்.

இப்போது புது டியூப் மாட்டியாச்சு. அந்தக் கல் ஓட்டையை இனிமேல் தொடப்போவதில்லை. சிலிண்டரை மேடைக்குப் பக்கத்தில் தரையில் நிறுத்தி, டியூபை வெளியே கண்ணில் படுகிற மாதிரி கொண்டுவந்துவிட்டேன். சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்ப்போம். கிண்ணத்தில் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு நாப் எல்லாம் மூடியிருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, டியூபின் இரண்டு முனையிலும் தடவுங்கள். குமிழி வளர்ந்துகொண்டே வந்தால் கசிவு. ஒன்றும் வரவில்லை, நல்லது. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. வயசானவர்களிடம் பக்குவமாகச் சொல்லிப் புரியவையுங்கள்.

நாற்றம் வந்தால் என்ன செய்வது? ரெகுலேட்டரை மூடுங்கள். சுவிட்சைப் போடவும் கூடாது, போட்டிருப்பதை அணைக்கவும் கூடாது. அவசரத்தில் எல்லோரும் முதலில் ஓடுவது எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குத்தான், கேஸை வெளியே தள்ளலாம் என்று. அந்தச் சுவிட்சுக்குள் வருகிற சின்னப் பொறியே போதும். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் கையால் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அங்கே அணைக்கலாம். ஃப்ரிட்ஜும் தானாக ஓடி நிற்கும்போது பொறி தட்டும், அதனால் சொல்கிறேன். அப்புறம் நம் வீடுகளில் ஒரு விஷயம், அடுக்களையிலேயே சாமி மாடம் இருக்கும். காமாட்சி விளக்கு, ஊதுவத்தி, சாம்பிராணி எல்லாம் நெருப்புத்தான். நாற்றம் லேசாக வரும்போதே விளக்கைக் குளிரவைத்துவிடுங்கள். ரெகுலேட்டரை மூடியும் கசிவு நிற்கவில்லை, வால்விலிருந்து வருகிறது என்றால், ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டரோடு வந்த சேப்டி கேப்பை அழுத்தி மூடவேண்டும். அந்தக் கேப்பை நூலோடு சிலிண்டரிலேயே தொங்கவிடுங்கள். பிள்ளைகள் விளையாட எடுத்துப்போய்விட்டால் அந்த நேரத்தில் தேடமுடியாது. வெளியே வந்த பிறகு 1906-க்குப் போன் போடுங்கள். எல்பிஜி கசிவுக்கென்றே உள்ள எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

சிலிண்டர் போடுகிற அண்ணன் வந்ததும் உள்ளே வைத்துவிட்டுப் போங்க என்று அனுப்பிவிடாதீர்கள். எடை பார்த்துத் தரச் சொல்லலாம், அது உங்கள் உரிமை. வீட்டுச் சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ. காலி எடை சிலிண்டரிலேயே எழுதியிருக்கும், இரண்டையும் கூட்டினால் வரவேண்டிய எடை. கேப்பைக் கழற்றி வால்வுக்குள் கருப்பு வாஷர் இருக்கிறதா பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டால், கசிவு இருந்தால் குமிழி வரும். அப்புறம் கைப்பிடி வளையத்தைத் தாங்குகிற பட்டையின் உள்பக்கம் ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். சி 27 என்று இருந்தால் 2027 ஜூலை முதல் செப்டம்பருக்குள் அதைச் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்று அர்த்தம். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி அடுத்த மூன்று மாதம், டி கடைசி மூன்று மாதம். தேதி தாண்டினதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், யாரிடமும் சண்டை போடவேண்டியதில்லை.

தீபாவளிக்கு முறுக்கு சுடுவதைப் பற்றிச் சொல்லாவிட்டால் அக்கா விடமாட்டாள். பின்கட்டில் தரையில் அடுப்பை இறக்கி, பக்கத்தில் சிலிண்டரை நிறுத்தி, சுற்றி உட்கார்ந்து சுடுவோம். அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்கவேண்டும் என்பதுதான் விதி. தரையில் படிகிற கேஸும் தரையில் எரிகிற தீயும் ஒரே மட்டத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு பெஞ்சு போட்டு அதன்மேல் அடுப்பை வையுங்கள், நின்றுகொண்டே சுடலாம். சிலிண்டரைப் படுக்கப்போடுவது, டீ ஜாயின்ட் போட்டு ஒரே சிலிண்டரில் இரண்டு அடுப்பு ஓட்டுவது, இரண்டும் கூடவே கூடாது.

அக்கா கேட்ட மஞ்சள் தீக்கு வருகிறேன். காற்று சரியாகக் கலக்காவிட்டால் தீ மஞ்சளாகும். பர்னர் தலையில் பால் பொங்கிக் காய்ந்திருந்தது, கலவைக் குழாயில் தூசி. சுத்தம் செய்ததும் நீலமாகிவிட்டது, பாருங்கள். பாதி எரிகிற கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அடுக்களையில் ஜன்னல் இருப்பதால் தப்பித்தோம். குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிற சின்ன அறையில் ஆள் மயங்கி விழுவது இதனால்தான். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பார்க்கிறவர்கள் கவனியுங்கள். கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும், வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும்.

சென்னை, கோவை பக்கம் குழாய் கேஸ் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது மீத்தேன், காற்றைவிட லேசு, கசிந்தால் கூரையை நோக்கிப் போகும். அதனால் மேலே திறப்பு வேண்டும். பழைய அடுப்பை அப்படியே மாட்டக் கூடாது, ஜெட், அதாவது பர்னருக்குக் கேஸ் விடுகிற சின்னத் துளை உள்ள பாகம், மாற்றவேண்டும். அதற்கு அந்த நிறுவனத்து ஆள்தான் வரவேண்டும், என்னை மாதிரிக் கடைக்காரனைக் கூப்பிடாதீர்கள்.

கடைசியாக, நிறையப் பேருக்குத் தெரியாதது. எல்பிஜி விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்களே காப்பீடு எடுத்துவைத்திருக்கின்றன, நாம் தனியாகப் பணம் கட்டவேண்டாம். உயிரிழப்புக்கு ஆளுக்கு 6 லட்சம், காயத்துக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை. பொருள் சேதத்துக்கும் 2 லட்சம் வரை உண்டு, ஆனால் இணைப்பு பதிவான முகவரியில் நடந்திருந்தால் மட்டும். வாடகை வீடு மாறும்போது சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகிறோம், புத்தகத்தில் முகவரி பழைய தெருவிலேயே கிடக்கிறது. ஏஜென்சியில் போய் மாற்றிக்கொள்ளுங்கள். 5 வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற கட்டாயச் சோதனைக்கு அவர்கள் ஆள் வந்தால், அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள்.

அடுத்த வீடியோவில் பித்தளை பர்னரை வீட்டிலேயே கழற்றி எப்படிச் சுத்தம் செய்வது என்று காட்டுகிறேன். வரட்டுமா.