மூன்று கிராம் பறவைக்கு ஒரு கால்வளையம்

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸுக்கு வந்து வருஷக்கணக்காகியும் நம்மில் பலர் கவனிக்காத ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். இந்த மாநிலத்து நிலத்தில் ஏறத்தாழ 95 சதவீதம் தனியார் கையில் இருக்கிறது. அதனால் இங்குள்ள பறவைகளைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொள்ள, பூங்காக்களை மட்டும் சுற்றிவந்தால் போதாது. யாரோ ஒருவருடைய பண்ணை வாசலில் நின்று, "ஐயா, உள்ளே வரலாமா?" என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படிக் கேட்டு உள்ளே போய், ஹம்மிங்பேர்டுக்கும் மற்றச் சிறு பறவைகளுக்கும், மறுபடி எங்கே பிடிபட்டாலும் அடையாளம் தெரிவதற்காக, காலில் எண் போட்ட வளையம் மாட்டுகிறவர்களோடு நானும் உதவிக்குப் போகிறேன். உங்களில் நாலு பேரையாவது கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

போவது மேற்கு டெக்சாஸில் இருக்கும் டேவிஸ் மலைப் பக்கம். ஆஸ்டினிலிருந்து ஆறரை, ஏழு மணி நேர ஓட்டம். ஜூலையிலேயே அலாஸ்கா, கனடா பக்கமிருந்து ரூஃபஸ் ஹம்மிங்பேர்டுகள் தெற்கே மெக்சிகோவுக்குக் கிளம்பி இந்த மலைகள் வழியாக வந்துவிடும். முதலில் வளர்ந்த ஆண்கள், அப்புறம் பெண்கள், அதற்கும் பின்னால் அந்த வருஷம் பொரித்த குஞ்சுகள். தாய் வழிகாட்டி அழைத்து வருவதில்லை, ஒவ்வொன்றும் தனியாகத்தான் பறக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

ராஞ்ச்காரர்கள், அதாவது அந்தப் பண்ணைக்காரர்கள், வீட்டுத் திண்ணையில் வரிசையாகச் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர், சிவப்புச் சாயமெல்லாம் வேண்டாம். நாங்கள் போனதும் மற்றப் புட்டிகளை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் கம்பிக்கூண்டுக்குள் தொங்கவிடுவோம். பறவை உள்ளே போய்க் குடிக்க ஆரம்பித்ததும், தள்ளி உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கும் தூண்டில் நரம்பை விட்டால் கதவு விழும். அவ்வளவுதான், பெரிய தொழில்நுட்பமெல்லாம் இல்லை.

அதற்கப்புறம்தான் நுணுக்கமான வேலை. ரூஃபஸ் பறவை மூன்று கிராம் சொச்சம்தான் இருக்கும். நம் பையில் கிடக்கும் பென்னி நாணயம் 2.5 கிராம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மாட்டும் அலுமினிய வளையத்தின் எடை ஐந்தாறு மில்லிகிராம். எண் அச்சடித்த தகடாகத்தான் அது வரும், வளையமிடுபவரே வெட்டி, ஓரம் தேய்த்து, வளைத்துக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்தும் ஐந்து இலக்கமும், லென்ஸ் இல்லாமல் படிக்க முடியாது. மாட்டி முடித்ததும் அலகை லென்ஸில் பார்ப்பார்கள். நெடுகிலும் மெல்லிய கீறல்கள் இருந்தால் இளசு, வழவழப்பாக இருந்தால் முதிர்ந்தது. பிறகு ஒரு ஸ்ட்ராவால் வயிற்று இறகை ஊதி விலக்குவார்கள். கண்ணாடி மாதிரி மெல்லிய தோல், அதற்குக் கீழே மஞ்சளாகக் கொழுப்பு. அந்த மஞ்சள்தான் வழிச்செலவுக்குக் கட்டிய சோறு. எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்தே, இது இங்கே தங்கித் தின்னப் போகிறதா, கிளம்பத் தயாராகிவிட்டதா என்று ஊகிக்கலாம்.

பாடும் பறவைகளுக்கு வேறு ஏற்பாடு. விடியும்போதே புதர்களுக்கு நடுவில் மெல்லிய கறுப்பு நைலான் வலையை விரிப்போம். சுமார் 12 மீட்டர் நீளம், நிழலில் கண்ணுக்கே தெரியாது. அரை மணி நேரத்துக்குள் ஒரு முறையாவது போய்ப் பார்த்தே தீர வேண்டும். காற்று எழுந்தாலும் வெயில் ஏறினாலும் வலையைச் சுருட்டிவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி. பறவைக்கு ஆபத்து வரும் என்றால் அன்றைய கணக்கே வேண்டாம். கார்டினல் பறவை மாட்டினால் மட்டும் விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த அலகு விதை உடைக்கும் அலகு.

"எனக்குக் காக்கை, குருவி தவிர ஒன்றும் தெரியாதே" என்று யோசிக்காதீர்கள். 1918-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, வலசைப் பறவைகளை அனுமதி இல்லாமல் பிடிக்கக் கூடாது, கீழே விழுந்த இறகைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. ஹம்மிங்பேர்டுக்குத் தனி அனுமதியே வேண்டும். அதனால் வளையம் மாட்டுவது அனுமதி வாங்கியவருடைய வேலை. நம் வேலை எழுதுவது. அவர் எண்ணைச் சொல்வார், நாம் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். ஓர் இலக்கம் மாறினால் அந்தப் பறவையின் வரலாறே இன்னொரு பறவையின் பேரில் போய்விடும். 2010 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் டலஹாசியில் வளையமிட்ட ஒரு ரூஃபஸ், அதே வருஷம் ஜூனில் அலாஸ்காவின் செனிகா விரிகுடாவில் மறுபடி பிடிபட்டது. 3,500 மைலுக்கு மேல். இரண்டு இடத்திலும் யாரோ ஒருவர் எண்ணைச் சரியாக எழுதியதால்தான் இது நமக்குத் தெரிகிறது.

இப்போது ராஞ்ச்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்கு முக்கியம். 1990-இல் கோல்டன்-சீக்டு வார்ப்ளர் என்ற சிறு பாடும் பறவை அழியும் நிலையிலுள்ள பறவைகளின் பட்டியலில் சேர்ந்தது. அது கூடு கட்டுவது உலகத்திலேயே மத்திய டெக்சாஸில் மட்டும்தான். அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த பலர் பயந்தார்கள்: நம் மரத்தில் இந்தப் பறவை இருக்கிறதென்று தெரிந்தால், அரசாங்கம் வந்து இதை வெட்டாதே, அதைக் கட்டாதே என்று சொல்லிவிடுமோ? தலைமுறையாக அந்த மண்ணில் பிழைப்பவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானது. அதை அலட்சியப்படுத்திவிட்டுப் பறவையைக் காப்பாற்ற முடியாது. அதனால் போகிற இடத்தில் திறந்திருந்த கேட்டைத் திறந்தே விடுங்கள், மூடியிருந்ததை மூடிவிட்டு வாருங்கள், மாடுகள் அதை நம்பித்தான் இருக்கின்றன. சொல்லாத இடத்துக்குப் போகாதீர்கள். அவர்கள் வீட்டைப் படமெடுத்துப் போடாதீர்கள். வளையமிட்டு முடித்ததும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்த வீட்டுப் பாட்டியின் உள்ளங்கையில் பறவையை வைப்போம். சில நொடி அசையாமல் கிடக்கும், இதயம் அடிப்பது கையில் அதிரும், பிறகு சட்டென்று இருக்காது. அடுத்த வருஷம் எங்களுக்கு முன்னால் அந்தப் பாட்டியே கேட்பார், அந்த எண் திரும்ப வந்ததா என்று.

சரி, வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். தொப்பி, தண்ணீர், மூடிய காலணி, பென்சில் போதும். வர முடியாதவர்கள் இதையாவது செய்யுங்கள்: வீட்டு ஜன்னலில் மோதி இறந்த பறவை கிடந்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் காலைப் பாருங்கள். வளையம் இருந்தால் எண்ணைக் குறித்து, 1920-இல் தொடங்கிய வளையத் திட்டத்தை மேரிலாந்திலிருந்து நடத்திவரும் மத்திய அரசின் பறவை வளைய ஆய்வகத்துக்கு இணையம் வழியாகச் சொல்லிவிடலாம். அது எங்கே, எப்போது வளையமிடப்பட்டது என்று உங்களுக்கே பதில் அனுப்புவார்கள்.